பச்சைக் கோடு என்னவென்று புரியவைத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பிளந்து கிடக்கும் ஒரு நாட்டுக்குள் படை இறங்கினால் சண்டை தீருமா என்ற கேள்வியோடு சைப்ரஸைப் பற்றி நாங்கள் தயாரித்த கண்காட்சிப் பலகைகளும் கையேடும் தயாராகிவிட்டன. 9,251 சதுர கிலோமீட்டர் கொண்ட அந்தத் தீவில் காப்பதாகக் கையெழுத்திட்ட துருக்கியின் படை, ஐ.நா. படை, பழைய எஜமானரான பிரிட்டனின் படை என்று மூன்றும் இன்றுவரை இருக்கின்றன. இந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது. வேலையில் கை கொடுத்தவர்களுக்குப் பொதுவில் நன்றி சொல்லவே இந்த மடல். யார் எதற்கு உதவினார்கள் என்று சொன்னால்தான் அந்த உதவியின் அளவு தெரியும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி, சைப்ரஸ் பிரிட்டனிடமிருந்து சுதந்திரம் பெற்ற 1960 ஒப்பந்தங்களை வரிக்கு வரி உட்கார்ந்து விளக்கிய சட்டப் பேராசிரியர் ஐயாவுக்கு. சுதந்திரத்தோடு வந்த அரசியல் சட்டம் ஜனாதிபதி பதவியைத் தீவின் கிரேக்கச் சமூகத்துக்கும், ரத்து அதிகாரமுள்ள துணை ஜனாதிபதி பதவியைத் துருக்கிச் சமூகத்துக்கும் கொடுத்தது. நாடாளுமன்றத்தின் 50 இடங்கள் 35க்கு 15; அரசு வேலை 70க்கு 30; ராணுவம் 60க்கு 40. வரிச் சட்டம் நிறைவேற இரு தரப்பு உறுப்பினர்களும் தனித்தனியாகப் பெரும்பான்மை தர வேண்டும். ஒரு தரப்பு கையை விரித்தால் வரி வசூலே நின்றுவிடும். 1963 நவம்பர் 30 அன்று ஜனாதிபதி மக்காரியோஸ் 13 திருத்தங்களை முன்வைத்தார். டிசம்பர் 21 அன்று தலைநகர் நிகோசியாவில் துப்பாக்கி வெடித்தது. அதைத் தொடர்ந்து சுமார் 25,000 துருக்கி சைப்ரஸ்காரர்கள் ஊரைவிட்டு ஓடி, காவல் போட்ட சிறு வட்டாரங்களுக்குள் ஒடுங்கினார்கள். 1974இல்தான் எல்லாம் தொடங்கியது என்று நினைப்பவர்கள் இந்தப் பலகையின் முன் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்க வேண்டும்.

அந்த 1960 ஒப்பந்தங்களில் ஒன்றான உத்தரவாத ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவை ஐயா பிரித்துக் காட்டியதுதான் கண்காட்சியின் முதுகெலும்பு. பிரிட்டன், கிரீஸ், துருக்கி மூன்றும் சேர்ந்து செயல்பட முடியாவிட்டால் ஒவ்வொன்றும் தனியாக நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் ஒப்பந்தம் உருவாக்கிய நிலையை மீட்பது ஒன்றே அதன் நோக்கமாக இருக்க வேண்டும். 1974 ஜூலை 15 அன்று கிரேக்க ராணுவ ஆட்சியின் ஏற்பாட்டில் மக்காரியோஸ் கவிழ்க்கப்பட்டு நிகோஸ் சாம்ப்சன் ஜனாதிபதியாக அமர்த்தப்பட்டார். 20ஆம் தேதி துருக்கிப் படை வடகரை ஊரான கைரேனியாவுக்கு மேற்கே கரையிறங்கியது. 22இல் போர்நிறுத்தம். 23இல் சாம்ப்சன் விலகினார். ஏதென்ஸில் ராணுவ ஆட்சியும் கவிழ்ந்தது. கவிழ்ப்பு முறிந்தாயிற்று. ஆனாலும் ஜெனிவாப் பேச்சு முறிந்ததும் ஆகஸ்ட் 14 அன்று இரண்டாம் தாக்குதல் தொடங்கியது. 16ஆம் தேதி நின்றபோது தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் துருக்கிப் படையிடம் இருந்தது. கிரேக்கத் தரப்பில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் தெற்கே போனார்கள். துருக்கித் தரப்பில் பல்லாயிரம் பேர் வடக்கே போனார்கள். ஜூலையின் மூன்று நாளையும் ஆகஸ்ட்டின் மூன்று நாளையும் ஒரே பலகையில் போடக்கூடாது என்று ஐயா பிடிவாதமாக நின்றார். பிடிவாதம் நியாயமானது. முதலாவதை 4ஆம் பிரிவைக் காட்டி வாதாடலாம். இரண்டாவதற்கு அந்தப் பிரிவில் இடமே இல்லை. தலையிடுகிற படை எந்த வேலைக்கு வந்ததோ அது முடிந்த பிறகும் ஏன் நகர்கிறது என்பதுதான் எங்கும் கேட்க வேண்டிய கேள்வி.

ஐ.நா. அமைதிப்படையில் வேறொரு நாட்டில் பணியாற்றி ஓய்வுபெற்ற ராணுவ அண்ணனுக்கு அடுத்த நன்றி. இரு தரப்புப் படைகளுக்கும் நடுவே ஐ.நா. காக்கும் இடைப்பகுதி எப்படி இயங்குகிறது என்பதை அவர் மணல் மூட்டை அளவுக்கு இறங்கி விளக்கினார். 1963 டிசம்பர் இறுதியில் பிரிட்டிஷ் தளபதி பீட்டர் யங் பச்சை மெழுகுப் பென்சிலால் நிகோசியா வரைபடத்தின் குறுக்கே இழுத்த கோடுதான் பச்சைக் கோடு. 1964 மார்ச் 4 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபையின் 186ஆம் தீர்மானம் படையை முதலில் 3 மாதத்துக்கு அனுப்பியது. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. 1974க்குப் பின் கோடு தீவு முழுக்க சுமார் 180 கிலோமீட்டர் நீண்டது. சில இடங்களில் 7 கிலோமீட்டர் அகலம். பழைய நிகோசியாவின் சந்துகளில் சில மீட்டர்தான்.

அங்கே வேலையின் அடிப்படை ஒரே விதி: 1974 ஆகஸ்ட் 16 மாலை 6 மணிக்கு யார் எங்கே நின்றார்களோ அதுவே நிலை. ஒரு காவல் குழியில் மணல் மூட்டை வரிசை ஒன்று கூடினாலும் அது மீறல்தான். எதிர்த்தரப்பும் உடனே தன் பக்கம் ஒரு வரிசை ஏற்றும். அதனால் முதல் மூட்டையையே இறக்கவைக்க வேண்டும். காவலுக்கு வழக்கத்தைவிட ஆள் கூடினாலும், துப்பாக்கி முனை எதிர்ப்பக்கம் திரும்பினாலும் பதிவேட்டில் ஏறும். சந்துகளில் கல்லெறியும் வசவும்தான் பெரிய தலைவலி. இதற்கு 1989இல் கண்ட மருந்து எளிமையானது: மிக நெருங்கிய சில இடங்களில் இரு தரப்பும் ஆளையே விலக்கிக்கொள்வது. இடைப்பகுதிக்குள் நிலம் வைத்திருப்பவர் உழ வேண்டுமானால் உரிமைப் பத்திரம் காட்டி ஐ.நா.விடம் அனுமதி வாங்க வேண்டும். கண்ணிவெடிகள் வேறு, 27,000க்கும் மேல் எடுத்திருக்கிறார்கள்.

இந்தப் படையை நடத்தியவர்களில் நம் நாட்டுத் தளபதிகள் மூவர் உண்டு என்று ஞாபகப்படுத்தியவரும் அண்ணன்தான். முதல் தளபதி கியானி. அடுத்து வந்த திம்மய்யா 1965 டிசம்பரில் பதவியிலிருந்தபோதே சைப்ரஸில் காலமானார். 1974இல் பொறுப்பிலிருந்த பிரேம் சந்த், நிகோசியா விமான நிலையத்தை ஐ.நா. பாதுகாப்பு இடமாக அறிவித்து இரு படையும் அதற்காக மோதாமல் தடுத்தார். பயணிகள் விமானம் ஒன்று அங்கே இன்னும் துருப்பிடித்து நிற்கிறது.

முன்னோட்டத்துக்கு வந்த பலரும் 1987இல் இந்தியப் படை இலங்கைக்குப் போனதைப் பற்றிக் கேட்டார்கள். அது தனிக் கையேட்டுக்கான விஷயம். ஒன்று மட்டும் சொல்லலாம்: சைப்ரஸில் ஐ.நா. படைக்கு யாரிடமும் ஆயுதம் களையும் பொறுப்பு தரப்படவில்லை. இலங்கைக்கு அமைதிப்படை என்று போன இந்தியப் படை, மூன்றே மாதத்துக்குள் ஆயுதம் களையும் போரில் இறங்கியது. காவலும் சண்டையும் ஒரே சீருடையில் நடந்தால் ஊர்மக்களுக்கு எதை நம்புவதென்று தெரியாது.

மிகப் பெரிய கடன், வடிகால் பொறியாளர் அக்காவுக்கு. சாக்கடைப் பலகைதான் கூட்டம் கூடும் பலகையாக இருக்கப்போகிறது, பாருங்கள். கழிவுநீர் கட்சி பார்ப்பதில்லை, சரிவைத்தான் பார்க்கும் என்பது அவர் வாதம். நிகோசியாவில் நிலம் பெடியோஸ் ஆற்றோடு வடகிழக்காகச் சரிகிறது. தெற்கின் குழாய்களும் வடக்கே மியா மிலியாவிலுள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போயாக வேண்டும். இல்லாவிட்டால் எதிர்த்திசையில் பம்பு வைத்துக் காலமெல்லாம் மின்சாரம் கட்ட வேண்டும். பிரிவினைக்குப் பின் பாதி போட்ட குழாய்கள் மண்ணுக்குள் சும்மா கிடந்தன. 1978இல் கிரேக்கத் தரப்பு மேயர் லெல்லோஸ் டெமெட்ரியாதெஸும் துருக்கித் தரப்பு மேயர் முஸ்தபா அக்கிஞ்சியும் பேசி முடித்தார்கள். ஒருவர் பதவியை மற்றவர் சட்டப்படி ஏற்க முடியாத நிலையில் அது நடந்தது. 1980இல் குழாயில் கழிவு ஓடத் தொடங்கியது. இப்போதுள்ள புதிய நிலையமும் இரு தரப்புக்கும் பொதுவானது. நாளொன்றுக்கு 30,000 கன மீட்டர் கொள்ளளவு. மேன்ஹோல் மூடி முதல் வால்வு வரை அக்கா போட்டுக் கொடுத்த குறுக்குவெட்டுப் படத்தை அப்படியே அச்சிட்டிருக்கிறோம்.

காணாமல் போனோர் பலகைக்குத் தடயவியல் தெரிந்த தம்பி ஒருவர் உதவினார். பட்டியலில் 2,002 பேர்: 1,510 கிரேக்கத் தரப்பு, 492 துருக்கித் தரப்பு. அவர்களைத் தேடும் இரு தரப்புக் குழு 1981இல் அமைந்தும் தோண்டல் 2006இல்தான் முறையாகத் தொடங்கியது. சாட்சி சொல்லும் இடத்தைத் தோண்டுவது, எலும்புகளைப் பழைய விமான நிலைய வளாகத்து ஆய்வகத்தில் அடுக்குவது, உறவினர் ரத்தத்தோடு மரபணு ஒப்பிடுவது, பின் குடும்பத்திடம் ஒப்படைப்பது என்று வரிசை. தோண்டும் குழுவிலும் ஆய்வகத்திலும் இரு தரப்பினரும் சேர்ந்தே வேலை செய்கிறார்கள். யார் கொன்றார் என்று குழு கேட்பதில்லை. கேட்டால் சாட்சி வாய் திறக்க மாட்டார். இது கசப்பான பேரம், ஆனால் 1,000க்கும் மேற்பட்டோர் வீடு திரும்பியது அதனால்தான். சாட்சிகளுக்கு வயதாவதும், சடலங்கள் முன்பே இடம் மாற்றப்பட்டிருப்பதும், மேலே கட்டடம் எழும்பியிருப்பதும் இப்போது வேலையைத் தாமதிக்கின்றன.

வரைபடத்தில் ஒவ்வொரு ஊருக்கும் இரு பெயரும் ஒரே எழுத்து அளவில் வரப் பாடுபட்ட வடிவமைப்பாளருக்கும், கிரேக்க, துருக்கி நாளிதழ்களை வாசித்துச் சொன்ன இரு மாணவியருக்கும், கடனுக்கு அச்சடித்துக் கொடுத்த அச்சகத்தாருக்கும் நன்றி.

கடைசிப் பலகையை எப்படி முடிப்பது என்று குழுவுக்குள் நடந்த சண்டையைத் தீர்த்துவைத்த மூத்த பத்திரிகையாளருக்கும் ஒரு கும்பிடு. 2003 ஏப்ரல் 23 அன்று பச்சைக் கோட்டில் மக்கள் கடந்துபோகும் கடவைகள் திறந்தன. பெரிய கலவரம் எதுவும் இல்லை. ஓராண்டில் நடந்த வாக்கெடுப்பில் துருக்கித் தரப்பில் 65 சதவீதம் பேர் தீவை மீண்டும் இணைக்கும் ஐ.நா. திட்டத்தை ஏற்றார்கள், கிரேக்கத் தரப்பில் 76 சதவீதம் பேர் மறுத்தார்கள். 2017இல் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ் மொன்டானாவில் பேச்சு முறிந்தபோது முக்கியத் தடையாக நின்றவை துருக்கிப் படையும் அதே 1960 உத்தரவாதமும்தான். துருக்கித் தரப்பில் அங்கே அமர்ந்திருந்தவர் சாக்கடை ஒப்பந்தம் போட்ட அக்கிஞ்சி. எங்கள் முடிவு பலகையில் இருக்கிறபடி: ஐ.நா. படை கொலையை நிறுத்தியது, அது சிறிய காரியமல்ல. ஆனால் கொலை நின்றதால் பேச அவசரமும் போய்விட்டது. துருக்கிப் படை தன் தரப்புக்குப் பயத்தைப் போக்கியது, எதிர்த்தரப்புக்குப் பயத்தைக் கொடுத்தது.

பலகைகளை இரவல் வாங்கும் நூலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: ஜூலைப் பலகையையும் ஆகஸ்ட் பலகையையும் அடுத்தடுத்து மாட்டுங்கள், நடுவே தூண் வராமல் பாருங்கள். வரைபடத்தை வெயில் படும் சுவரில் மாட்டினால் பச்சை முதலில் வெளுத்துவிடும். கையேடு இலவசம், அஞ்சல் செலவு மட்டும் உங்களுடையது.

நன்றியுடன்,
தொகுப்புக் குழுவினர்