'நாங்களே கூப்பிடுகிறோம்'

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலைக்கான நேர்காணல் முடிந்ததும் 'நாங்களே கூப்பிடுகிறோம்' என்றார்கள். மூன்று வாரம் குளியலறைக்குள்கூட போனை எடுத்துக்கொண்டு போனேன். அழைத்ததெல்லாம் கடன் வேண்டுமா என்று கேட்பவர்கள்தான்! அப்புறம்தான் புத்தி வந்தது. இப்போதெல்லாம் எழுந்து கிளம்பும் முன்பே, 'எந்தத் தேதிக்குள் முடிவு தெரியும்?' என்று கேட்டுவிடுகிறேன். அந்தத் தேதி தாண்டி இரண்டு வேலை நாள் பொறுத்து, அவர்களுடைய பழைய மின்னஞ்சலுக்கே பதிலாக மூன்று வரி எழுதுகிறேன்: எந்தப் பதவி, எந்த நாளில் நேர்காணல் நடந்தது, நிலவரம் என்ன. தேதி சொல்லாதவர்களுக்கு ஒரு வாரம் கழித்து. மறுவாரம் இன்னொரு முறை, அதோடு சரி. இதற்கிடையே மற்ற இடங்களுக்கு விண்ணப்பிப்பதை நிறுத்துவதில்லை. நிறுவனங்களைக் கேட்கிறேன்: 'தேர்வாகவில்லை' என்று ஒரு வரி அனுப்ப அத்தனை கஷ்டமா?

இப்படிக்கு,
வேலை தேடும் கணக்காளர்