காப்பு வாங்கப் போகிறேன், அளவு அனுப்பு

மகளே, அஸ்ஸலாமு அலைக்கும்.

உம்மா போனில் பேசின தொனியிலேயே தெரிந்துவிட்டது, மாப்பிள்ளை வீட்டில் மறுபடி பவுன் கணக்கை எடுத்திருக்கிறார்கள். வளையல் மட்டும் எத்தனை ஜோடி என்று கேட்டார்களாமே! சரி, அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இங்கே ஓமானில் பழைய வெள்ளிக் காப்பு பார்த்திருக்கிறேன், நிஸ்வா சந்தையிலும் மஸ்கட் பக்கம் முத்ராவிலும் கிடைக்கும். நல்ல கனம், மேலே வரிசையாகக் குமிழ்கள், சிலதில் கீல் வைத்திருப்பார்கள், ஆணியை உருவினால் வாய் திறக்கும், சோப்பு போட்டுக் கையை நசுக்கி ஏற்றுகிற பாடெல்லாம் இல்லை. வெள்ளி எங்கிருந்து வந்தது என்கிறாய்? மரியா தெரசா என்ற ஆஸ்திரிய மகாராணியின் தலை போட்ட காசு. அந்த அம்மா 1780ல் இறந்தார், அப்புறம் எந்த வருஷம் அடித்த காசிலும் 1780 என்றே போட்டார்கள், ஏனென்றால் அரபு வியாபாரிகள் அந்த முகத்தைத்தான் நம்பினார்கள். ஒரு காசு 28 கிராம் சொச்சம். தட்டான் அதை உருக்கிக் காப்பாக அடித்துக் கொடுப்பார், கஷ்டம் வந்தால் எடை போட்டு விற்றுக்கொள்ளலாம்.

இந்த நகையெல்லாம் பெரும்பாலும் மஹராக வந்தது. மாப்பிள்ளை கொடுப்பது, பெண்ணுக்கே சொந்தம், வாப்பாவும் கை வைக்க முடியாது, புருஷனும் கை வைக்க முடியாது. குர்ஆனில் சூரா நிஸாவில் 4ஆவது வசனத்தை எடுத்துப் பார். நம் ஊரிலும் அதே நிக்காஹ்தான், ஆனால் பேருக்கு ஒரு தொகையை மஹர் என்று எழுதிவிட்டுப் பெண் வீட்டில் பவுன் கேட்கிறோம். இந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்லவரவில்லை, மஹர் ஏறிப்போய்க் கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிற பையன்கள் இங்கேயும் இருக்கிறார்கள். ஆனாலும் கொடுக்க வேண்டியது யார் என்பதில் இவர்களுக்குக் குழப்பமே இல்லை.

மஹர் என்ன வேண்டும் என்று நீயே முடிவு பண்ணிச் சொல்லு, உன்னைக் கேட்காமல் தொகை எழுத நான் சம்மதிக்க மாட்டேன்.

காப்பு என் ஆசைக்கு வாங்குவது, எந்தச் சீர் கணக்கிலும் அதைச் சேர்க்கக் கூடாது, உம்மாவிடமும் சொல்லிவை. மணிக்கட்டில் நூல் சுற்றி அளந்து வியாழனுக்குள் வாட்ஸப்பில் போடு, வெள்ளிக்கிழமை லீவில்தான் நிஸ்வா போக முடியும். போட்டவள் மவுத்தானால் காப்பை உருக்கிவிடுகிற வழக்கம் இருந்ததால் ரொம்பப் பழையது அபூர்வம், கடைக்காரர் புதுசைக் கறுக்கவைத்துத் தலையில் கட்டப் பார்ப்பார். கீல் ஆணி தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் விலை பேசுவேன்.

வாப்பா