பல வரிச் சரங்களில் ஒளிந்திருக்கும் வரி முடிவுகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் நிரலாக்கம் பயில்வோருக்காக வெளிவரும் தொடரில், பல வரிகளில் எழுதப்படும் ஸ்ட்ரிங் லிட்டரல்களைப் (நிரலுக்குள்ளேயே மேற்கோள் குறிகளுக்கிடையே எழுதப்படும் உரை, சுருக்கமாகச் சரம்) பற்றிய அண்மைக் கட்டுரையைப் படித்தேன். வரிக்கு வரி, வரி முடிவைக் குறிக்கும் 'பேக்ஸ்லாஷ் என்' என்று எழுதிக் கொண்டிருக்காமல், மேற்கோள் குறிகளுக்குள் வரிகளை அப்படியே தட்டச்சு செய்துவிடலாம் என்பதைக் கட்டுரையாளர் தெளிவாக விளக்கியிருந்தார். ஆனால், திரையில் எப்படித் தெரிகிறதோ அப்படியே சரத்திலும் இருக்கும் என்ற பொருள்பட அவர் முடித்திருப்பது எல்லா மொழிகளுக்கும் பொருந்தாது என்பதோடு, தொடக்கநிலை மாணவர்களைப் பின்னாளில் வெகுவாக அலைக்கழிக்கக் கூடியது என்பதாலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குவதைத் திரையில் பார்க்கிறோமே தவிர, அந்த இடத்தில் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்பதை நாம் பார்ப்பதில்லை. லினக்ஸிலும் இன்றைய மேக் கணினிகளிலும் அங்கே லைன் ஃபீட் எனப்படும், 10 என்ற குறியீட்டெண் கொண்ட ஒற்றை எழுத்து இருக்கும்; விண்டோஸில் வழக்கமாக அதற்கு முன்னால் 13 என்ற எண் கொண்ட கேரேஜ் ரிட்டர்னும் சேர்ந்து இரண்டு எழுத்துகள் இருக்கும். டெலிடைப் இயந்திரங்களில் அச்சுத் தலையை இடப்பக்கக் கோடிக்குக் கொண்டுவருவதும் தாளை ஒரு வரி மேலே நகர்த்துவதும் தனித்தனி வேலைகளாக இருந்ததன் எச்சம் இது. மல்டிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தைப் பின்பற்றிய, லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ், லைன் ஃபீட் ஒன்றே போதும் என்று இருந்துவிட்டது. சிபி/எம் என்ற இயங்குதளத்தின் வழியில் வந்த, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இரண்டையும் வைத்துக்கொண்டது. ஆப்பிளின் பழைய மேக் இயங்குதளம் கேரேஜ் ரிட்டர்னை மட்டும் பயன்படுத்தியது. விண்டோஸின் நோட்பேட், லைன் ஃபீட் மட்டும் உள்ள கோப்பை ஒழுங்காக வரி பிரித்துக் காட்டத் தொடங்கியதே 2018-இல்தான்.

இதனால் சரத்துக்கு என்ன நேர்கிறது என்பதைச் சிறிய எடுத்துக்காட்டு ஒன்றில் பார்க்கலாம். சி ஷார்ப் மொழியில் முதல் வரியில் 'வணக்கம்', இரண்டாம் வரியில் 'நன்றி' என்று மட்டும் கொண்ட ஒரு வெர்பட்டிம் சரத்தை, அதாவது எழுதியதை எழுதியபடியே எடுத்துக்கொள்ளும் சரத்தை எழுதி, அதன் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியாக எண்ணப்படும் யூனிகோட் கணக்கில் முதல் சொல்லுக்கு 7, இரண்டாவதற்கு 5. நடுவில் உள்ள வரி முடிவையும் சேர்த்தால், கோப்பு லினக்ஸ் முறையில் சேமிக்கப்பட்டிருந்தால் விடை 13, விண்டோஸ் முறையில் சேமிக்கப்பட்டிருந்தால் 14. நிரலில் ஓர் எழுத்தைக்கூட யாரும் மாற்றவில்லை. இந்தச் சரத்தை எதிர்பார்க்கும் விடையாக வைத்து ஒரு சோதனை எழுதியிருந்தால், அது ஒருவருடைய மடிக்கணினியில் வெற்றி பெற்று, சர்வரில் தோல்வியடையும். எதிர்பார்த்தது இது, கிடைத்தது இது என்று சோதனைக் கருவி இரண்டையும் அடுத்தடுத்து அச்சிட்டுக் காட்டும்போது இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதுதான் இதில் உள்ள கொடுமை.

கோப்பு எப்படி இரண்டு வடிவம் எடுக்கிறது என்று மாணவர்கள் வியக்கலாம். நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்து பலரும் பகிர உதவும் கிட் கருவியின் விண்டோஸ் நிறுவியில் இயல்பாகத் தேர்வாகியிருக்கும் அமைப்பு, கோப்புகளைக் கணினியில் இறக்கும்போது விண்டோஸ் முறைக்கும், திரும்பக் களஞ்சியத்தில் சேர்க்கும்போது யூனிக்ஸ் முறைக்கும் மாற்றிக்கொள்கிறது. ஆகவே ஒரே களஞ்சியத்தின் ஒரே கமிட், அதாவது ஒரே பதிவு, இரு கணினிகளில் வெவ்வேறு பைட்டுகளாக இருப்பது அன்றாடம் நடப்பதே.

எல்லா மொழிகளும் இதை இப்படி விட்டுவிடவில்லை. ஜாவா 15-இல் 2020-ஆம் ஆண்டு நிலைபெற்ற, பல வரிச் சரங்களுக்கான டெக்ஸ்ட் பிளாக் வசதி, கோப்பில் எந்த வரி முடிவு இருந்தாலும் சரத்துக்குள் அதை லைன் ஃபீடாகவே வைக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் டெம்ப்ளேட் லிட்டரல்களும் ஸ்விஃப்ட்டின் பல வரிச் சரங்களும் அவ்வாறே. பைத்தானும் ரஸ்ட்டும் மூலநிரலை வாசிக்கும் கட்டத்திலேயே இதைச் சரிசெய்து விடுகின்றன. கோ மொழியின் வழி சற்று விநோதமானது: அதன் மூலச் சரங்களில் (ரா ஸ்ட்ரிங்) கேரேஜ் ரிட்டர்ன் எங்கே இருந்தாலும் மாற்றப்படாமல் அப்படியே நீக்கப்படுகிறது. மறுபுறம், சி ஷார்ப்பும் பிஎச்பியின் பல வரிச் சர வடிவமான ஹியர்டாக்கும் கோப்பில் உள்ளதை உள்ளபடியே சரத்துக்குக் கொடுக்கின்றன. சி ஷார்ப்பில் 2022-இல் புதிதாக வந்த மூலச் சரங்களும் இந்தப் பழைய வழியையே தொடர்ந்தது எனக்கு ஏமாற்றமே.

நிரலர் எழுதியதை மொழி தன்னிச்சையாக மாற்றலாமா என்று சிலர் வாதிடுவார்கள். நிரலர் எழுதியது எது என்பதுதான் இங்கே கேள்வி. அவர் என்டர் விசையை அழுத்தினார். அந்த இடத்தில் ஓர் எழுத்தா இரண்டா என்பதை முடிவு செய்தது எடிட்டரின் அமைப்போ கிட்டின் அமைப்போதான், அவர் அல்லர். எவரும் தேர்ந்தெடுக்காத ஒன்றை மதித்துக் காப்பாற்றுவதாகச் சொல்வதில் பொருளில்லை. மின்னஞ்சல் அனுப்பும் எஸ்எம்டிபி நெறிமுறையைப் போலக் கேரேஜ் ரிட்டர்னும் லைன் ஃபீடும் கட்டாயம் சேர்ந்தே வர வேண்டிய இடங்கள் உண்டு. அங்கே 'பேக்ஸ்லாஷ் ஆர், பேக்ஸ்லாஷ் என்' என்று வெளிப்படையாக எழுதுவதே முறை. வரி முடிவை இரு சர்வர்கள் இருவிதமாகப் புரிந்துகொள்வதைப் பயன்படுத்திப் போலி மின்னஞ்சல்களை நுழைக்க முடியும் என்பது 2023 டிசம்பரில் 'எஸ்எம்டிபி ஸ்மக்லிங்' என்ற பெயரில் வெளியானதை நினைவில் கொண்டால், இதைக் கோப்பின் போக்குக்கு விட்டுவிட மனம் வராது.

ஒரே கோப்புக்குள் இரு வகை வரி முடிவுகளும் கலந்திருப்பது இன்னும் சிக்கலானது. வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய நான்கு வரிகளோ, நிரலைத் தானாக எழுதித் தரும் ஒரு கருவியோ போதும், கலப்பு உண்டாகிவிடும். அத்தகைய கோப்பைத் திறக்கும்போது, நிரல் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டுடியோ, வரி முடிவுகள் சீராக இல்லை, சீராக்கவா என்று ஒரு பெட்டியில் கேட்கிறது. பெரும்பாலோர் யோசிக்காமல் ஆம் என்று அழுத்திவிடுகிறோம். சரங்களுக்கு வெளியே அது வெறும் ஒழுங்குபடுத்தல்தான். ஆனால் சி ஷார்ப் போன்ற மொழியில், பல வரிச் சரத்துக்குள் அந்த ஓர் அழுத்தம் நிரலின் தரவையே மாற்றுகிறது. அந்தச் சரத்திலிருந்து கணக்கிடப்படும் ஹேஷ் மதிப்பு, அதாவது அதன் அடையாள எண் மாறும். டிஜிட்டல் கையொப்பம் பொருந்தாமல் போகும். கேள்வியை முன்வைக்கும் பெட்டியில் இந்த விளைவைப் பற்றி எச்சரிக்கை ஏதும் இல்லை.

கட்டுரையாளர் தொடரின் அடுத்த பகுதியில் தீர்வுகளைப் பற்றி எழுதுவாரானால், பரவலாகச் சொல்லப்படும் ஒரு தவறான தீர்வையும் சுட்டிக்காட்ட வேண்டுகிறேன். இயங்குதளத்தின் வரி முடிவைத் தரும் 'என்விரான்மென்ட் நியூலைன்' போன்றவற்றைக் கொண்டு சரத்தைப் பிரிப்பது அது. சரத்தில் இருப்பது கோப்பின் வரி முடிவு. இயங்குதளத்தின் வரி முடிவு அதுவாகவே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விண்டோஸில் லைன் ஃபீட் கோப்பு கிடைத்தால், முழுச் சரமும் ஒரே வரியாக நிற்கும். விண்டோஸ் முறைக் கோப்பிலிருந்து வந்த சரத்தை லைன் ஃபீடில் மட்டும் பிரித்தாலோ, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கேரேஜ் ரிட்டர்ன் ஒட்டிக்கொண்டு வரும். அப்படி வந்த ஒரு கோப்புப் பெயரைத் திறக்க முயன்றால் பிழைச் செய்தி எழும். அந்தச் செய்தியை டெர்மினலில் அச்சிடும்போது கேரேஜ் ரிட்டர்ன் கர்சரை வரியின் தொடக்கத்துக்குத் தள்ள, செய்தியின் பின்பாதி முன்பாதியின் மேலேயே எழுதப்பட்டு, ஒன்றும் விளங்காத ஒரு வரி மிஞ்சும்.

சரியான வழி, சரம் உள்ளே வரும் இடத்திலேயே கேரேஜ் ரிட்டர்ன்-லைன் ஃபீட் இணையை முதலிலும், தனித்து நிற்கும் கேரேஜ் ரிட்டர்னைப் பிறகும் லைன் ஃபீடாக மாற்றிவிடுவது. இந்த வரிசை முக்கியம். தலைகீழாகச் செய்தால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு வெற்று வரி முளைக்கும். அதோடு, ஒவ்வொருவர் கணினியிலும் உள்ள கிட் அமைப்பை நம்பியிராமல், களஞ்சியத்திலேயே 'கிட்ஆட்ரிபியூட்ஸ்' கோப்பை வைத்து, உரைக் கோப்புகள் எல்லாம் லைன் ஃபீடில் இருக்க வேண்டும் என்று எழுதிவிடலாம். அது தனிநபர் அமைப்பை மீறிச் செயல்படும். விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக இயக்கும் பேட்ச் (batch) கோப்புகளுக்கு மட்டும் விண்டோஸ் முறையை அங்கேயே விதிவிலக்காகக் குறிக்கலாம். வரி முடிவுகளைச் சோதிப்பதற்கென்றே வேண்டுமென்று கலந்து வைத்த மாதிரிக் கோப்புகள் இருந்தால், அவற்றை உரையாகக் கருத வேண்டாம் என்று குறித்துவிட வேண்டும். இல்லையென்றால் கிட் அவற்றையும் சீராக்கிவிடும், சோதனையும் எதையும் சோதிக்காமலேயே வெற்றி பெற்றுக்கொண்டிருக்கும்.

இப்படிக்கு,
மென்பொருள் துறையில் பணியாற்றும் ஒரு வாசகர்