மல்லிகைக்குக் கத்தரி வை

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா.

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். குண்டுமல்லி பால்கனிக் கம்பியைத் தாண்டி ஏறிவிட்டது; இலை செழித்திருக்கிறது, மொட்டுதான் இல்லை. அம்மா நட்டுக் கொடுத்த செடி என்று நீ வெட்டத் தயங்குகிறாய். ஆனால் மல்லிகை முற்றிய தண்டில் பூப்பதில்லை, புதிதாகத் துளிர்க்கும் கிளையின் நுனியில்தான் மொட்டு வைக்கும். ஆகவே கவாத்து செய்யாத, அதாவது கிளைகளை வெட்டிவிடாத செடி கொடியாக நீளுமே தவிர, கூடை நிறையப் பூ தராது.

தமிழ்நாட்டு வழக்கப்படி நவம்பர் கடைசி வரை காத்திராதே. அங்கே குளிர்காலத்தில் செடி ஓய்வெடுக்கும்; நமக்கு அப்படியொரு காலம் கிடையாது, நவம்பரில் மழை கொட்டி வெட்டிய இடம் காயாமல் அழுகவும் கூடும். இங்கே ஒரு சுற்றுப் பூ ஓய்ந்ததும் வெட்டுவதே சரி. வெட்டியபின் பூ வர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும் என்பதால், தீபாவளிக்குப் பூ வேண்டுமானால் ஆகஸ்டு இறுதிக்குள் வேலையை முடித்துவிடு. கத்தரியை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காய்ந்த குச்சிகளையும் உள்நோக்கி வளர்ந்தவற்றையும் முதலில் நீக்கி, மற்றவற்றை மண்ணிலிருந்து சுமார் 45 செ.மீ. உயரத்தில், கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டு. நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் படும் மூலையில் தொட்டி இல்லையென்றால், இவ்வளவு செய்தும் பயனிருக்காது.

வெட்டிய கிளைகளைக் குப்பையில் போடாதே. குண்டுமல்லி விதை வைப்பது அரிது. நம் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) வாசல்களில் பூத்தவை எல்லாம் கைக்குக் கை மாறிய குச்சிகள்தாம். பென்சிலைவிடச் சற்று மெலிந்த, பாதி முற்றிய தண்டை 12 முதல் 15 செ.மீ. நீளத்தில் எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு புதையும்படி மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்த தொட்டியில் ஊன்றி நிழலில் வை. நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டு வைக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது: அந்த வேர் மண்ணுக்கு மாறும்போது சோர்ந்துபோகும், தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசுவும் முட்டையிடும். தொட்டியின் அடித்தட்டையும் பார்த்துக்கொள். கொசு வளரவிட்டால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு.

ஆனாலும் உனக்கு ஏற்றது பதியன்தான், அதாவது கிளையை வெட்டாமலே மண்ணில் புதைத்து வேர்விடச் செய்வதுதான் என்பேன். காலையில் போய் இரவில் திரும்புகிறவளால் குச்சிகளை வாடாமல் காப்பது கடினம். பதியனோ வேர்விடும் வரை தாய்ச்செடியிலிருந்தே தண்ணீர் எடுத்துக்கொள்ளும். கவாத்தின்போது தாழ்ந்த கிளை ஒன்றை மட்டும் விட்டுவை. அதன் கணுவின் அடியில் பட்டையை இலேசாகச் சுரண்டி, பக்கத்துத் தொட்டி மண்ணில் வளைத்துப் புதைத்து, மேலெழாமல் ஒரு கல்லை வை. ரப்பர் நாற்றுக்கு ஒட்டுக் கட்டும் கைநிதானம் எதுவும் இதற்குத் தேவையில்லை. இரண்டு மூன்று மாதத்தில் மெல்ல இழுத்துப் பார். அசையாமல் பிடித்திருந்தால் தாய்ச்செடியின் பக்கம் வெட்டிப் பிரித்துவிடலாம்.

துளிர்க்கத் தொடங்கியதும் மக்கிய ஆட்டெரு ஒரு பிடி போதும். தழைச்சத்து மிகுந்த உரத்தைக் கொட்டினால் மறுபடியும் இலைதான் வரும். வெட்டும் முன்பு எந்தக் கிளையைப் பதியனுக்கு விடுகிறாய் என்று ஒரு படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா