பாட் டோபரான் நிலையத்தாருக்கு நன்றி

அன்புடையீர்,

பாட் டோபரான் ரயில் நிலையத்தைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு சின்னப் புத்தகம் எழுதி முடித்துவிட்டோம். வட ஜெர்மனியில், அந்த ஊருக்குப் பக்கத்து நகரமான ரோஸ்டாக்கில் குடியிருக்கும் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து செய்த வேலை இது. நிலையத்தில் வேலை செய்கிறவர்களும், வேலை செய்து ஓய்வு பெற்றவர்களும், அந்த ஊர்க்காரர்களும் கைகொடுக்காவிட்டால் பாதிகூட எழுதியிருக்க முடியாது. அதனால் அச்சுக்குப் போகும் முன்பே இந்தக் கடிதம்.

முதல் நன்றி, ஓய்வு பெற்ற அந்த ரயில்வே பெரியவருக்கு. நிலையத்தின் கதையை ஆண்டு ஆண்டாக அவர்தான் சொல்லிக்கொடுத்தார். விஸ்மாருக்கும் ரோஸ்டாக்குக்கும் இடையே பெரிய ரயில் பாதை போட்டு டோபரானுக்கு ரயில் வந்தது 1883இல். ஆனால் கோடையில் வந்த கூட்டத்துக்கு வேண்டியிருந்தது டோபரான் அல்ல, கடல். 1793இல் ஜெர்மனியின் முதல் கடற்குளியல் ஊராகத் தொடங்கிய ஹைலிகென்டாம் அங்கிருந்து ஆறரை கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் 1886 ஜூலையில் மோலி என்று இன்று எல்லோரும் செல்லமாக அழைக்கும் சின்ன நீராவி ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளங்களுக்கு நடுவே 900 மில்லிமீட்டர்தான் அகலம். பக்கத்துப் பெரிய பாதையில் அது 1,435. ஒரே நிலையத்தில் இரண்டு அளவுப் பாதைகள் அன்று வந்தவை, இன்றும் அப்படியே இருக்கின்றன.

தனியார் தொடங்கிய பாதை 1890இல் அரசு கைக்குப் போனதையும், 1910இல் கடலோர ஊரான கூலுங்ஸ்போர்ன் வரை நீண்டு மொத்தம் பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஆனதையும் அவர் விளக்கினார். கோடையில் மட்டும் ஓடிய ரயில் வருஷம் முழுக்க ஓட ஆரம்பித்ததும் 1910இல்தான். எனக்கு இதுதான் இந்தக் கதையின் பெரிய திருப்பம். விருந்தாளிகளுக்காக வந்த ரயில் ஊர்க்காரர்களின் ரயிலானது அப்போதுதான். 1969 வரை சரக்கும் ஏற்றியிருக்கிறது.

அடுத்து டிரைவர்களுக்கும் ஃபயர்மேன்களுக்கும். பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கு நீங்கள் காட்டிய பொறுமையை நாங்கள் மறக்கவே மாட்டோம். ரயில் டோபரானுக்கு வந்து நின்றதும் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துப் பாதை வழியாகச் சுற்றிக் கொண்டுபோய், மறுமுனையில் மாட்டுவதை எங்களுக்குப் பக்கத்திலிருந்து காட்டினீர்கள். “எஞ்சினைத் திருப்ப வேண்டாமா?” என்று ஒரு பொண்ணு கேட்டாள். இந்த எஞ்சினுக்கு முன்னும் பின்னும் சிறு சக்கரங்கள், நடுவில் இழுக்கும் சக்கரங்கள் எட்டு, தண்ணீரும் நிலக்கரியும் தன் மேலேயே. எந்தப் பக்கமும் ஒரே மாதிரி ஓடும் என்று சொல்லிப் புரியவைத்தீர்கள். குளிர்ந்து கிடக்கும் கொதிகலன் சூடேறி அழுத்தம் வரப் பல மணி நேரம் ஆகும் என்பது எங்களில் பெரியவர்கள் பலருக்கும் புதுச் செய்தி. முதல் ரயிலுக்கு நாங்கள் சாவகாசமாக வந்து நிற்கும்போது உங்களுக்குப் பாதி வேலை முடிந்திருக்கும்.

ஹைலிகென்டாமில் கிராஸிங் எப்படி நடக்கிறது என்று கார்டு அம்மா விளக்கியதைப் புத்தகத்தில் தனி அத்தியாயமாகவே வைத்திருக்கிறோம். ஒற்றைப் பாதையில் எதிரெதிராக வரும் இரண்டு ரயில்களும் சந்தித்து விலக அந்த நிலையம் வேண்டும். ஒன்று தாமதமானால் மற்றதும் அங்கே காத்திருக்கத்தான் வேண்டும். அம்மா, ரொம்ப நன்றி. உங்களால்தான் எங்கள் பையன்கள் கால அட்டவணையைக் கதைப் புத்தகம் மாதிரி படிக்கிறார்கள்.

பணிமனைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1932இல் ஓரென்ஸ்டைன் உண்ட் கோப்பெல் ஆலையில் பிறந்த எஞ்சின்களை இன்றைக்கும் தினசரி வண்டியில் ஓட விட்டிருக்கிறீர்கள். அருங்காட்சியகத்துக்காகத் துடைத்து வைப்பது வேறு, நாளைக் காலை மறுபடி ஓட வேண்டும் என்று பழுது பார்ப்பது வேறு. இரண்டாவதுதான் கடினம் என்று நினைக்கிறேன். அந்த 1932 வடிவத்தையே வைத்து மைனிங்கன் நீராவி எஞ்சின் ஆலை 2009இல் புத்தம்புது எஞ்சின் ஒன்றைக் கட்டித் தந்தது. பழையதைக் காப்பாற்றுவதற்காகப் புதியதைக் கட்டத் துணிந்தவர்கள் யாரோ, அவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

அப்புறம், மோலி ஓடும் மோலிஷ்ட்ராசே தெருவில் கடை வைத்திருப்பவர்களே, உங்களுக்கு! கடை வாசலை ஒட்டி, மணி அடித்துக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ரயில் போகிறது. புகையும் சத்தமும் உங்களுக்கு அன்றாடம். எங்கள் பிள்ளைகள் வாசலை மறித்துப் படம் எடுத்தபோதுகூட யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு பேக்கரியில் நாற்காலி போட்டுக்கொடுத்து, அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்றும் சொன்னார்கள். சொந்தத் தெருவில் ரயிலுக்கு இடம்விட்டு வாழ்கிற ஊர் இல்லையென்றால் இந்த நிலையம் இல்லை.

1995இல் இந்தப் பாதையை ஜெர்மன் ரயில்வேயிடமிருந்து எடுத்து, மாவட்டமும் பாட் டோபரானும் கூலுங்ஸ்போர்னும் பங்குதாரர்களாக இருக்கும் நிறுவனத்திடம் ஒப்படைத்ததுதான், என் கணிப்பில், மோலியை வாழவைத்தது. லாபம் குறைந்தால் கைவிட்டுப் போக முதலாளி வெளியூர்க்காரர் இல்லை, ஊரே முதலாளி. 2007இல் எட்டுப் பெரிய நாடுகளின் தலைவர்கள் ஹைலிகென்டாமில் கூடிய ஜி-8 மாநாட்டின்போது, உலகப் பத்திரிகையாளர்களைக் கூலுங்ஸ்போர்னிலிருந்து அங்கே ஏற்றிச் சென்றதும் இதே நீராவி ரயில்தான். இதைச் சொன்னால் பிள்ளைகள் கண் விரிய கேட்கிறார்கள்.

பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே யார் பெயரையும் எழுதவில்லை. புத்தகம் அச்சாகி வந்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரு படி நேரில் கொண்டுவந்து தருவோம். படங்களுக்குக் கீழே ஜெர்மனிலும் எழுதியிருக்கிறோம். எங்காவது தப்பு தென்பட்டால் தயங்காமல் சொல்லுங்கள், அடுத்த பதிப்பில் திருத்திவிடுகிறோம்.

நன்றியுடன்,
ரோஸ்டாக்கிலிருந்து உங்கள் தமிழ் நண்பர்கள்