ஒரு முழ வேலி

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பதில் பிந்திவிட்டது. பக்கத்து வளவுப் பெரியண்ணர் காலமாகிவிட்டார். விடியப் பூப்பறிக்கப் போனவர், செம்பரத்தைக்குக் கீழேயே சரிந்துவிட்டார்.

அவரோடு எனக்கு ஆறு வருஷமாகப் பேச்சில்லை என்பது உனக்குத் தெரியும். வேலி அடைத்தபோது கதியாலை, அந்த வேலித் தடிகளை, ஒரு முழம் அவர் பக்கம் தள்ளி நட்டது நான்தான். அதை உனக்குக்கூட மாற்றித்தான் சொன்னேன். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்று போனேன்.

முற்றத்தில் சுண்ணம் இடித்தார்கள், திருப்பொற்சுண்ணம் பாடினார்கள். சிவனின் திருமஞ்சனத்துக்குப் பொடி இடிக்கும் பெண்களின் மகிழ்ச்சிப் பாட்டு அது. நாங்களோ அதைச் செத்த வீட்டில் கேட்டே வளர்ந்தோம். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தார்கள். கடைக்குட்டி நெருப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான்.

சுடலையில் வாய்க்கரிசி போட என் முறை வந்தது. உள்ளங்கை வேர்த்து, உதற உதற அரிசி ஒட்டிக்கொண்டது. அந்த வாயோடு பேச எனக்கு ஆறு வருஷம் இருந்ததே மச்சான்! நல்லூர்த் திருவிழா முடியட்டும், மாரி மழை விடட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

'அன்றறிவாம் என்னாது அறஞ்செய்க' என்று சோதனைக்குப் பாடமாக்கினோமே, அது அன்றைக்குத்தான் விளங்கியது. அப்புறம், பாரதத்தில் யட்சன் கேட்பது: உலகத்தில் பெரிய ஆச்சரியம் எது? நாள்தோறும் உயிர்கள் யமனிடம் போவதைக் கண்டும், மிஞ்சியவர்கள் தாங்கள் நிலைத்திருக்க நினைப்பதுதான் என்கிறார் தருமர். கேட்ட யட்சனே தருமதேவதை. யமனையும் யமதருமன் என்றுதானே சொல்கிறோம்? சாவுக்கும் அறத்துக்கும் ஒரே பேர். இரண்டு இரவு இதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

எட்டாம் நாள் எட்டுச்செலவு முடிந்து சனம் கலைந்தபிறகு, பெரியண்ணரின் மனைவி மச்சாளிடம் உண்மையைச் சொன்னேன். "அதை அவருக்கெல்லோ சொல்லியிருக்க வேணும்" என்றா. பிறகு எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தா. கோப்பையை வாங்கும்போது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக் கடற்கரைக்கு நானும் போகிறேன். அதற்குள் வேலியைப் பிரித்து அடைக்க ஆள் சொல்லியிருக்கிறேன். நட்ட கிளுவைக் கதியால் எல்லாம் துளிர்த்து நிற்கிறது. பிடுங்கி நட்டால் பிடிக்குமோ தெரியாது. பிடிக்காவிட்டால் புதுக் கதியால் வெட்டுவேன்.

போன கடிதத்தில் உன் தம்பியைப் பற்றி எழுதியிருந்தாய். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது நேரில் பேசலாம் என்று வைத்திருக்கிறாயாம். வேண்டாம், இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அவனுக்குப் போன் எடு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி