வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை – கோத்தகிரி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் கடைசிப் பேருந்தை முன்னிட்டுச் சீக்கிரமே முடித்துக்கொண்டோம்.

சென்ற பொதுக்குழுத் தீர்மானப்படி, ஆண்டு முழுவதும் உளவியல் மர்ம நாவல்களையே வாசித்தோம். கையில் எடுத்தால் கீழே வைக்க விடாத புத்தகம் எதைக்கொண்டு அப்படிப் பிடித்துவைக்கிறது என்பதே நாம் எடுத்துக்கொண்ட கேள்வி.

ஒவ்வொரு நாவலையும் நான்கு பகுதியாகப் பிரித்தோம். கடைசிப் பகுதியைச் சுற்றிக் காகிதப் பட்டை ஒட்டித்தான் இரவல் கொடுத்தோம். ஒரு பகுதி முடிந்ததும், விவாதத்துக்கு முன்பே, நோட்டில் மூன்று பத்தி எழுத வேண்டும்: கதைசொல்லி கண்ணால் கண்டது, பிறர் சொல்லிக் கேட்டது, தானாக ஊகித்தது. நாவல் பாதியைத் தாண்டும்போது ஒன்று புலப்பட்டது. ஊகப் பத்தியில் இருக்க வேண்டியதைப் பலரும் ‘கண்டது’ பத்தியில் எழுதியிருந்தார்கள். ‘அவர் முகம் வெளிறியது’ என்பது கண்டது. ‘பயந்துவிட்டார்’ என்பது ஊகம். இந்த இரண்டும் நம்மை அறியாமல் ஒட்டிக்கொள்ளும் இடத்தில்தான் நல்ல ஆசிரியர் மர்மத்தை ஒளிக்கிறார். பொய்யை அவர் எழுதுவதில்லை, நம்மை எழுத வைக்கிறார். முடிவு தெரிந்த பிறகும் இந்த நாவல்களை மறுபடி வாசிக்க முடிவது அதனால்தான்.

வில்கி காலின்ஸ் 1868-இல் ‘மூன்ஸ்டோன்’ நாவலைப் பலர் வாக்குமூலமாக அமைத்தார்; ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறார்கள். நம் மூன்று பத்திக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. புதிய உறுப்பினர்கள் அதிலிருந்தே தொடங்கலாம். டாஃப்னி டு மோரியரின் ‘ரெபெக்கா’வில் (1938) கதை சொல்லும் பெண்ணின் பெயர் கடைசிவரை வருவதில்லை. அவள் கணவனின் இறந்துபோன முதல் மனைவியான ரெபெக்காவின் பெயரோ பக்கத்துக்குப் பக்கம் ஒலிக்கிறது. அந்தப் பெண்ணின் தாழ்வுணர்ச்சியை நமக்குள் ஏற்ற இதுவே போதுமானதாக இருக்கிறது. சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ பேயா, விஞ்ஞானமா என்ற இரண்டு விளக்கங்களையும் சம எடையில் தூக்கிப் பிடிக்கிறது. ஒரு தட்டு முன்கூட்டியே தாழ்ந்திருந்தால் பாதியிலேயே அலுத்திருக்கும்.

தமிழில் இவ்வகை எழுதுவதன் சிரமம் பற்றி இரண்டு கூட்டங்கள் பேசியும் தீரவில்லை. நம் வினைமுற்று ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுத்துவிடும். இருட்டில் யாரோ ‘வந்தான்’ என்றால் சந்தேகப் பட்டியல் அங்கேயே பாதியாகிவிடும். ‘வந்தார்’ என்றால், முகம் தெரியாத ஆளுக்கு எதற்கு மரியாதை என்று கூர்ந்த வாசகர் விழித்துக்கொள்வார். ‘காலடிச் சத்தம் கேட்டது’, ‘நிழல் விழுந்தது’ என்று பொருளை எழுவாயாக்குவதே வழி. அதையும் கதையின் தொடக்கத்திலிருந்தே பழக்க வேண்டும், கொலைக் காட்சியில் மட்டும் செய்தால் மாட்டிக்கொள்ளும். தன்மையில் எழுதினால் ‘வந்தேன்’ எதையும் காட்டாது. இன்னொரு வரம் ‘ஆம்’ விகுதி. ‘அவள் அன்றைக்கு ஊரில் இல்லையாம்’ என்பதில் கேள்விப்பட்ட செய்தி என்பது தெரிந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பவர் அதை ‘இல்லை’ என்று முடித்தால் வதந்தி உண்மையாகி, துப்பு கெட்டுப்போகும்.

ஏமாற்றம் தந்த நாவல்களில் குறை பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்தது. கடைசியில் திடீரென ஒரு டைரி கிடைக்கும். அல்லது, தன்மையில் பேசும் ஆள் தன் மனத்தில் ஓயாமல் ஓட வேண்டிய ஒன்றையே காரணமின்றி நினைக்காமல் இருப்பார். நினைவிழப்பைக் கையாள்வதுதான் மிக மோசம். தலையில் அடிபட்டவர் பொதுவாக மறப்பது அடிபட்ட நேரத்தை ஒட்டிய நிகழ்ச்சிகளை. தன் பெயரையே மறந்து, மறுபடி அடிபட்டதும் எல்லாம் திரும்புவது கதையில்தான் நடக்கும். கொலைக்குக் காரணம் தேடாமல் ‘மனநோயாளி’ என்று முடித்துவைப்பதை உறுப்பினர்கள் ஒருமனதாகக் கண்டித்தனர். அது சோம்பல் மட்டுமன்று, நோயுற்றவர்களுக்கு இழைக்கும் அநீதியும்கூட.

நூலகப் பராமரிப்பு: மேகம் இறங்கும் மாதங்களில் மாத நாவல்களின் தாள்களைப் பிணைக்கும் கம்பி ஊசி துருப்பிடித்து, கடைசித் தாள்கள் கழன்றுவிடுகின்றன. மர்ம நாவலுக்கு இதைவிடப் பெரிய இழப்பு இல்லை. எனவே ஊசியை எடுத்துவிட்டு நூலால் தைத்து வருகிறோம். பூஞ்சணம் பிடித்த புத்தகத்தை ஈரத்தோடு துடைக்காதீர்கள், கறை உள்ளே இறங்கும். காற்றோட்டமான நிழலில் உலர்த்தி, வெளியில் வைத்து மென்தூரிகையால் தட்டுங்கள். கடும் வெயில் அட்டையை வளைத்துவிடும்.

சில பிரதிகளில் குற்றவாளியின் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்தார்கள். அழித்துவிட்டோம், இனி வேண்டாம். இரவல் பெற்ற புத்தகங்களைப் பட்டை பிரித்திருந்தாலும் பிரிக்காவிட்டாலும் அடுத்த மாதக் கூட்டத்தில் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்